கங்கைகொண்ட சோழபுர விமானத்துக்கு மேலே எரிகல் பொழிவு: ஓர் இரவைப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

‘இன்றிரவு வானில் எரிகல் மழை’ என்று காலைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, மாலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கருப்பு வானமும் மறுநாள் தும்மலும்தான். எனக்கும் முதல் ஆண்டு அப்படித்தான் முடிந்தது. எரிகல்லைக் குறிபார்த்துச் சுட முடியாது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் அது மறைந்துவிடும். நம்மால் முடிந்தது, தூண்டில் போட்டுக் காத்திருப்பது. எங்கே போடுவது, எப்போது போடுவது, எவ்வளவு நேரம் போடுவது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கட்டடத்தைச் சரியாகப் பிடித்து வைத்தால், எரிகல் குறைவாக விழுந்தாலும் படம் நிற்கும். கட்டடத்தைக் கோட்டைவிட்டால் ஐம்பது எரிகல் விழுந்தும் பயனில்லை.

எந்தப் பொழிவு, எந்த இரவு

தமிழ்நாட்டிலிருந்து எடுக்க ஒரே ஒரு பொழிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட்ஸ் என்பேன். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் வரும் பெர்சீட்ஸ் பெயர்பெற்றதுதான். ஆனால் அதன் எரிகற்கள் எல்லாம் கிளம்பி வருவதுபோல் தோன்றும் இடம், அதாவது புறப்படும் புள்ளி, வானத்தின் வடகோடியில் இருக்கிறது. நம் ஊரில் இரவு பத்தேமுக்கால் வாக்கில்தான் எழும். விடியும் நேரத்தில்கூடப் பாதி வானம் ஏறியிருக்காது. ஜெமினிட்ஸ் அப்படியல்ல. இரவு ஏழரை, எட்டு மணிக்கே வடகிழக்கில் தலைகாட்டி, இரண்டு மணி வாக்கில் ஏறக்குறைய 68 பாகை உயரத்துக்கு வந்துவிடும். மொத்த இரவும் நமக்கு.

கேமராவுக்கும் இது தோதானது. பெர்சீட்ஸ் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் வருகின்றன. ஜெமினிட்ஸ் துகள்கள் 35 கிலோமீட்டர்தான். மெதுவாகப் போகும் கோடு சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் கூடுதல் நேரம் தங்குவதால் அழுத்தமாகப் பதிகிறது. பெரும்பாலான பொழிவுகளுக்கு வால்நட்சத்திரங்கள் தாயாக இருக்க, இதற்குத் தாய் ஃபேதான் என்ற சிறுகோள். 1983ஆம் ஆண்டு ஐராஸ் செயற்கைக்கோளின் படங்களில் கண்டுபிடிக்கப்பட்டது.

மணிக்கு 120, 150 எரிகற்கள் என்று செய்திகளில் வரும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். மாசில்லாத கருவானமும், புறப்படும் புள்ளி நேர் உச்சியிலும் இருந்தால் வரும் கணக்கு அது. கேமரா வானத்தின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது, மங்கலானவற்றைத் தவறவிடுகிறது. மணிக்கு நான்கைந்து நல்ல கோடுகள் பதிந்தால் நான் திருப்தியாகிவிடுவேன்.

அடுத்தது நிலவு. அதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். பொழிவு உச்சம் பௌர்ணமியை ஒட்டி வந்தால் அந்த ஆண்டு போர்த்திக்கொண்டு தூங்கலாம். 2026இல் அமாவாசை டிசம்பர் 9ஆம் தேதி. ஆக 13, 14 ஆகிய இரு இரவுகளிலும் இளம்பிறைதான்; பத்தரை மணிக்குள் மேற்கே இறங்கிவிடும். அந்தப் பிறை நமக்குத் தொந்தரவு அல்ல, கூலி வாங்காத விளக்கு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பிறகு சொல்கிறேன்.

மிச்சமிருப்பது மழை. டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் எல்லாத் திட்டமும் பாழ். எனவே உச்ச இரவை மட்டும் நம்பாமல் முன்னும் பின்னும் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அறை முன்பதிவு செய்வதாக இருந்தால் ரத்து செய்யக்கூடியதாகச் செய்யுங்கள்.

ஏன் இந்தக் கோயில், எந்தப் பக்கம்

தஞ்சைப் பெரிய கோயிலைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் கோட்டுருவம். தஞ்சை விமானம் நேர்கோட்டில் விறைப்பாக மேலே போகிறது. முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இந்த 53 மீட்டர் விமானமோ, மூலைகள் உள்வாங்கி, மெல்ல வளைந்து ஏறுகிறது. இருட்டில் சிற்பம் தெரியாது, கல்லின் நிறம் தெரியாது. வெளிக்கோடு மட்டுமே பேசும். அந்த வளைவு இருட்டிலும் அடையாளம் காட்டிவிடும். (பலர் இதைக் கோபுரம் என்கிறார்கள். கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாயிலின் மேல் எழுவது கோபுரம். படத்தின் கீழே எழுதும்போதாவது சரியாக எழுதுவோம்.) 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இக்கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கொடுமையையும் தாண்டி நின்ற விமானம், தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது.

இப்போது திசை. கோயில் கிழக்கு நோக்கியது. மண்டபங்களுக்குப் பின்னால் மேற்கில் விமானம். எல்லோரும் முகப்பை எடுக்கிறார்கள். இந்த இரவுக்கு நீங்கள் முதுகுப்பக்கம் போக வேண்டும், அதாவது கோயிலுக்கு மேற்கே நின்று கிழக்கைப் பார்க்க வேண்டும். காரணம் மூன்று.

முதலாவது, மேற்கே இறங்கும் இளம்பிறை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதன் ஒளி விமானத்தின் மேற்கு முகத்தில் நேராக விழும். இரண்டாவது, எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் கிழக்கு வானில் திருவாதிரையும் மிருகசீரிடமும் ஏறி, கலசத்துக்கு மேல் வந்து நிற்கும். வேட்டைக்காரன் என்று சொல்லும் ஓரியன் கூட்டம் இதுதான். சிவன் கோயிலின் உச்சியில் திருவாதிரை நிற்பதை நான் திட்டமிட்டு அமைக்கவில்லை. கணக்குப் போட்டபோது தானாக வந்து விழுந்தது. மூன்றாவது, ஜெமினிட்ஸ் புறப்படுவது மிதுன ராசியில், நாம் புனர்பூசம் என்று சொல்லும் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்றான காஸ்டருக்குப் பக்கத்தில். எட்டரை மணிக்கு அது வடகிழக்கில், அடிவானத்திலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கும். விமானத்துக்கு இடப்புறம் படத்தின் சட்டத்துக்குள்ளேயே அது வந்துவிடும். அந்த நேரத்தில் எரிகற்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் காற்று மண்டலத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு வருவதால் ஒவ்வொன்றும் வானத்தின் பாதியை அளக்கும். நள்ளிரவுக்குப் பிறகு வரும் நூறைவிட, ஒன்பது மணிக்கு வரும் அந்த ஒன்றுக்காகத்தான் நான் போகிறேன்.

தூரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 53 மீட்டர் உயரத்தை 150 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஏறக்குறைய 19 பாகை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36க்கு 24 மி.மீ. சென்சார்) 20 மி.மீ. லென்ஸைப் படுக்கையாக வைத்தால் உயரவாக்கில் 62 பாகை அடங்கும். விமானம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, மீதி வானம். இந்த அளவு எனக்குப் பிடிக்கும். இன்னும் கிட்டே போனால் கேமராவை அண்ணாந்து வைக்க வேண்டிவரும், விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். 300 மீட்டர் தள்ளிப் போனால் பத்துப் பாகையாகச் சுருங்கிவிடும். அப்போது 35 மி.மீ. லென்ஸ்தான் பொருத்தம்.

ஒளி மாசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே நெய்வேலி, தெற்கே கும்பகோணம், மேற்கே ஒன்பது, பத்து கிலோமீட்டரில் ஜெயங்கொண்டம். நான்கு பக்கமும் அடிவானம் லேசாகச் சிவந்துதான் கிடக்கும். கிழக்கு ஒப்புநோக்கப் பரவாயில்லை. கொஞ்சம் வெளிச்சம் அங்கும் இருப்பது நல்லதே: நிலவு மறைந்த பிறகு விமானத்தின் கரிய வடிவம் எடுபட, பின்னால் ஒரு மங்கிய வெளிச்சம் வேண்டும். எதிரியைத் திரைச்சீலையாக மாற்றிக்கொள்கிறோம்.

அனுமதி

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்; 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் சேர்க்கப்பட்டது. வளாகத்துக்குள் இரவு தங்க முடியாது. பகலிலும் முக்காலி வைத்துப் படமெடுக்கத் துறையின் முன் அனுமதி வேண்டும். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆகவே நம் இடம் மதிலுக்கு வெளியே. வெளியே இருப்பதும் யாரோ ஒருவருடைய நிலம் என்பதை மறக்கக் கூடாது.

நான் முதல் முறை பகலில் போய்ச் சுற்றிவந்து, விமானம் மறைவின்றித் தெரியும் ஒரு வரப்பைப் பார்த்துவைத்தேன். நிலத்துக்காரர் பெரியவர். இரவு முழுக்க இங்கே நின்றுகொள்ளலாமா என்று கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இருட்டில் எதைத் தம்பி படம் எடுப்பீர்கள்?”

“எரிகல் விழும் ஐயா. கோயிலுக்கு மேலே விழுந்தால் எடுப்பேன்.”

“விழாவிட்டால்?”

“அடுத்த வருடம் வருவேன்.”

அவர் சிரித்துவிட்டு, மோட்டார் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம், அங்கே பாம்பு உண்டு என்றார். அந்தக் கொட்டகையில் எரியும் ஒற்றை எல்இடி பல்பை அன்றிரவு மட்டும் அணைத்துவைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொண்டேன். சின்ன பல்புதானே என்று விட்டுவிடாதீர்கள். 15 நொடி எக்ஸ்போஷரில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) அது முன்னால் இருக்கும் சம்பா நெல் முழுவதையும் நீல வெள்ளையாக அடித்துவிடும். பகலில் பார்க்கும்போது அது கண்ணிலேயே படாது. அதனால்தான் பொழிவுக்கு முந்தைய இரவு ஒரு மணி நேரமாவது அங்கே போய் நிற்கச் சொல்கிறேன். கோயில் விளக்குகள் எரிகின்றனவா, எத்தனை மணிக்கு அணைகின்றன, எந்தச் சாலையின் வண்டி வெளிச்சம் லென்ஸில் படுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய கோயிலுக்குப் பின்னால் நள்ளிரவில் சிவப்பு டார்ச்சோடு நிற்பவனைச் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கையில் இருக்க வேண்டியவை

ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆகியவற்றைக் கையால் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் போதும். லென்ஸில்தான் பணம் போட வேண்டும்: 14 முதல் 24 மி.மீ. வரை, எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). கனமான முக்காலி, இடைவெளிவிட்டுத் தானாகச் சொடுக்கும் ரிமோட் (பல கேமராக்களில் உள்ளேயே இருக்கிறது), மூன்று பேட்டரிகள், 128 ஜிபி அட்டை, சிவப்பு வெளிச்ச டார்ச், ஒரு துண்டு ஒட்டுநாடா, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி சூட்டுப்பட்டை, அதற்கு ஒரு பவர் பேங்க்.

கடைசியில் சொன்ன சூட்டுப்பட்டையை ஆடம்பரம் என்று நினைத்துத்தான் முதல் ஆண்டைத் தொலைத்தேன். கார்த்திகை முடியும் நேரத்து வயல்வெளியில் பனி மேலிருந்து பொழிவதாகத் தெரியாது. லென்ஸ் கண்ணாடியில் தானாக முளைக்கும். பதினொரு மணிவரை வந்த படங்கள் பளிச்சென்று இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒளிவட்டம், அப்புறம் வெறும் சாம்பல் நிறம். கேமரா தன் பாட்டுக்கு ‘டக், டக்’ என்று சொடுக்கிக்கொண்டே இருந்தது. நான் ஃபிளாஸ்க் காபியைக் குடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது ஆயிரத்துக்கும் மேல் படங்கள் குப்பை.

இதே காரணத்தால் ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்தவுடன் வெளியே நீட்டாதீர்கள். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு எடுங்கள்.

மாலை ஐந்து முதல் எட்டு வரை

சூரியன் ஐந்தேமுக்கால் வாக்கில் மறையும். அதற்கு முன்பே முக்காலி ஊன்றியாக வேண்டும். வரப்பு மண் இரவில் இளகும். கால்களை நன்றாக அழுத்தி ஊன்றி, நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்கவிடுங்கள். விமானத்தை நடுவுக்குச் சற்று வலப்புறம் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அகலக்கோண லென்ஸ் அதை இழுத்துச் சாய்த்துவிடும்.

சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் ஆழ்ந்த நீலமாகும். அப்போது ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்து, சில நொடி எக்ஸ்போஷரில் வெளிச்சம் குறையக் குறைய பத்துப் படமாவது எடுங்கள். சிற்பங்கள், தளங்கள், கலசம் எல்லாம் தெளிவாகப் பதியும். பின்னிரவில் விமானம் வெறும் கரிய நிழலாகிவிட்டால் இந்தப் படம் கைகொடுக்கும்.

இருட்டியதும் ஃபோகஸ். தானியங்கி ஃபோகஸை அணையுங்கள். திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சுருங்கும், சுருங்கும், பிறகு மறுபடி விரியும். சுருங்கிய இடத்தில் நிறுத்தி ஒட்டுநாடாவால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். 150 மீட்டர் தள்ளி நிற்கும் விமானமும் இந்த ஃபோகஸிலேயே கூர்மையாக இருக்கும். முன்னால் இருக்கும் நெற்கதிர்கள் லேசாகக் குழையும், பரவாயில்லை.

அமைப்புகள், அவற்றின் காரணம்

தொடக்கம்: எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி, வெண்சமநிலை (படத்தின் நிறச் சாயல்) 4000 கெல்வின், ரா வடிவம் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு).

ஏன் 15 நொடி? எக்ஸ்போஷரைக் கூட்டினால் எரிகல் பிரகாசமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. எரிகல் ஒரு புள்ளியைக் கடப்பது கண் இமைப்பதற்கும் குறைந்த நேரம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதன் ஒளி அவ்வளவுதான். வானத்தின் வெளிச்சம் மட்டும் ஏறிக்கொண்டே போய் அதை அமுக்கிவிடும். எரிகல்லுக்கு உதவுவது லென்ஸின் திறப்பும் ஐஎஸ்ஓவும்தான். இன்னொன்று, நாம் பார்க்கும் கிழக்குத் திசை வான நடுக்கோட்டை ஒட்டியது. நட்சத்திரங்கள் அங்கேதான் வேகமாக நகரும். 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்கும் பழைய கணக்குப்படி 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி வருகிறது. இன்றைய சென்சாரில் அவ்வளவு விட்டால் திருவாதிரை புள்ளியாக நிற்காமல் அரிசி மணியாக நீளும்.

முதல் படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மேடு இடது ஓரத்தை விட்டுச் சற்றே விலகி இருக்க வேண்டும். நடுவுக்கு வந்துவிட்டால் வானம் வெளுத்திருக்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓவை 1600க்கு இறக்குங்கள்.

நீள் எக்ஸ்போஷர் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான கசடு) குறைப்பை அணைத்தாக வேண்டும். அணைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே 15 நொடி கண்ணை மூடிக்கொள்ளும். இரவில் பாதி போய்விடும். லென்ஸின் அதிர்வு தடுப்பையும் அணையுங்கள். இடைவெளி ஒரு நொடி. மணிக்கு 225 படங்கள். இரவு எட்டிலிருந்து விடியற்காலை நான்கு வரை 1800 படங்கள். ஒரு படம் 30 எம்பி என்றால் 54 ஜிபி.

பிறை மறைவதற்கு முன், ஒன்பது மணி வாக்கில், ஓட்டத்தை இரண்டு நிமிடம் நிறுத்தி, கேமராவை அசைக்காமல் ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 120 நொடியில் ஒரே ஒரு படம். நான் சொன்ன கூலி வாங்காத விளக்கு இதுதான். தாழ்வாக விழும் இளநிலவொளியில் அந்தக் கல் தேன் நிறத்தில் வரும். தளங்களுக்கு இடையே நிழல் தங்கும். டார்ச் அடித்து வெளிச்சம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது மேடை விளக்கு மாதிரி தெரிகிறது, பக்கத்து வீட்டாரையும் எழுப்பிவிடும்.

கைபேசி மட்டும் இருப்பவர்கள் அதையும் முக்காலியில் பொருத்தி, நட்சத்திரப் பயன்முறை இருந்தால் அதில் விட்டுப் பார்க்கலாம். மிகப் பிரகாசமானவை சிக்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓட்டம் தொடங்கிய பிறகு

வேலை ஒன்றுமில்லை என்று தோன்றும். தொடாமல் இருப்பதே பெரிய வேலை. மணிக்கு ஒருமுறை லென்ஸைச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள், முந்தைய படத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் நகரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பேட்டரி மாற்றும்போது முக்காலித் தலை அசையாதபடி கேமராவை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய எரிகல் ஒன்று கண்ணில் பட்டால் கைக்கடிகார நேரத்தைக் குறித்துவையுங்கள். காலையில் 1800 படங்களுக்குள் அதைத் தேடுவது சுலபமாகும்.

மூன்று மணிக்கு மேல் வயலில் மூடுபனி எழலாம். பலர் அத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள். நான் நிறுத்துவதில்லை. விமானத்தின் அடி மறைந்து மேல் தளங்கள் மட்டும் மிதப்பதுபோல் ஒரு முறை கிடைத்தது. அன்று எரிகல் ஒன்றுகூட அந்தச் சட்டத்தில் விழவில்லை, இருந்தும் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். ஐந்தே கால் மணிக்குமேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கும்.

வீட்டில்

படங்களைப் பெரிய திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுங்கள். கோடுகள் நிறைய தெரியும். எல்லாம் எரிகல் அல்ல. செயற்கைக்கோள் அடுத்தடுத்த படங்களிலும் தொடரும். விமானம் புள்ளி புள்ளியாக மினுக்கும் (பறக்கும் விமானத்தைச் சொல்கிறேன், கல் விமானத்தை அல்ல). எரிகல் ஒரே படத்தில் வரும். இரு முனையும் மெலிந்து நடுவில் தடித்த கதிர்போல் இருக்கும். பெரும்பாலும் ஒரு முனையில் பச்சை கலந்திருக்கும். அதைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் புனர்பூசத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அது வேறு பொழிவைச் சேர்ந்தது அல்லது தனியன்.

பிறகு சேர்ப்பது. நிலவொளியில் எடுத்த விமானத்தை அடித்தளமாக வைத்து, நல்ல வானம் உள்ள ஒரு படத்தை மேலே அமர்த்தி, எரிகற்களை ஒவ்வொன்றாக முகமூடியிட்டு (மற்றப் பகுதியை மென்பொருளில் மறைத்து)ச் சேர்க்கலாம். இதில் இரண்டு வழி உண்டு. நட்சத்திரங்களோடு பொருத்தித் திருப்பிச் சேர்த்தால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும். வானியல் சரி, பார்க்கவும் அழகு. ஆனால் எந்த எரிகல்லும் விமானத்துக்கு மேல் தான் விழுந்த இடத்தில் இருக்காது. திருப்பாமல் அப்படியே வைத்தால் விசிறி சற்றுக் கலைந்திருக்கும். ஒவ்வொரு கோடும் கலசத்துக்கு எவ்வளவு தள்ளி விழுந்ததோ அங்கேயே இருக்கும். நான் இரண்டாவதைச் செய்கிறேன். எதைச் செய்தாலும் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்: ‘ஒரே இடத்திலிருந்து எட்டு மணி நேரத்தில் எடுத்த 14 எரிகற்கள், நிலவொளியில் எடுத்த விமானத்தோடு சேர்க்கப்பட்டவை’ என்பதுபோல. ஒரே சொடுக்கில் வந்ததாக ஊரை ஏமாற்ற வேண்டியதில்லை.

இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளை அளவாகத் தடவுங்கள். அளவு மீறினால் மங்கலான எரிகல்லின் வால் முதலில் போய்விடும். எல்லாம் முடிந்ததும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு பிரதி கூடுதலாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த டிசம்பரிலும் அதே வரப்பு வேண்டும், அந்த பல்பும் அணைய வேண்டும்.